‘கேன்’ என்றால் முடியுமா?

நண்பகல் வேளையில் ஏதேனும் ஓர் உணவங்காடி நிலையத்திற்குச் சென்று, சில நிமிடங்கள் பேசாமல் நின்று கவனியுங்கள். “மிளகாய் தனியா, கேன்?” என்று ஒருவர் கேட்பார். “கேன், கேன்” என்று கடைக்காரர் கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொல்வார். அடுத்து நிற்பவர் ஐம்பது வெள்ளி நோட்டைத் தயக்கத்தோடு நீட்டி, “சில்லறை இல்லை, கேன்?” என்பார். “கேன் லா!” என்று பதில் வரும். அருகிலுள்ள மேசையில் காலியாக இருக்கும் நாற்காலியைத் தொட்டுக்கொண்டு ஒரு பெண்மணி புருவத்தை உயர்த்துவார். அங்கே அமர்ந்திருப்பவர் மென்றுகொண்டே “கேன்” என்பார். கேட்டவர்கள் யார், சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லாருக்கும் அந்த ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது.

நான் குறிப்பிடுவது தண்ணீர் நிரப்பி வைக்கும் கேனை அன்று. ஆங்கிலத்தில் துணைவினையாகப் பிறந்து, சிங்கப்பூர்த் தெருக்களில் முழு வாக்கியமாகவே வளர்ந்துவிட்ட ‘கேன்’ என்னும் சொல்லைத்தான் குறிப்பிடுகிறேன். இலக்கண ஆங்கிலத்தில் இச்சொல் தனித்து நிற்பது அரிது. ‘யெஸ், யூ கேன்’ என்று எழுவாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் அது வரும். சிங்லிஷில் அதற்கு எழுவாய் தேவையில்லை. தேவைப்படும்போது பின்னால் ஒரு சிறிய ஒலியைச் சேர்த்துக்கொள்ளும். அந்தச் சிறிய ஒலிதான் பொருளை மாற்றுகிறது.

வெறும் “கேன்” என்றால் சரி என்று பொருள். அதையே இருமுறை அடுக்கிச் சொன்னால், ‘தயங்க வேண்டாம், கண்டிப்பாக ஆகும்’ என்று பொருள். “கேன் லா” என்பதில் உறுதியோடு, ‘இதற்கெல்லாமா கேட்பாய்?’ என்னும் நட்பும் கலந்திருக்கும். சில வேளைகளில் சிறு சலிப்பும் எட்டிப் பார்க்கும். “கேன் லோர்” என்பவர் ஒப்புக்கொள்கிறார்தான், ஆனால் உற்சாகத்தோடு அன்று. வேறு வழியில்லை என்று ஒப்புக்கொள்கிறார். “கேன் ஹோர்?” என்றால், நான் நினைப்பது சரிதானே என்று உறுதிப்படுத்திக்கொள்கிறார். “கேன் மே?” என்றால் அவர் நம்பவில்லை. “கேன் லே” என்பது மென்மையான மறுப்பு: நீங்கள் ஆகாது என்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லையே என்று சொல்வது. “கேன் லியாவ்” என்றால் வேலை ஆயிற்று, இவ்வளவு போதும். “ஹவ் கேன்!” என்று முன்னால் ஒரு சொல் வந்துவிட்டால், அது எப்படித் தகும் என்னும் முறையீடாகவே மாறிவிடும். “ஆல்சோ கேன்” என்றும் ஒன்று உண்டு. இதுவும் ஆகும், அதுவும் ஆகும், எனக்கு எல்லாம் ஒன்றுதான் என்பது அதன் பொருள். எங்கே சாப்பிடுவது என்று நண்பர்கள் கூடி முடிவெடுக்கும் நேரத்தில் இதைவிட எரிச்சலூட்டும் பதில் வேறு இருக்க முடியாது.

இவற்றை யாரும் பள்ளியில் கற்பிப்பதில்லை. ஆயினும், ‘மே’ வரவேண்டிய இடத்தில் ஒருவர் ‘லோர்’ என்று சொல்லிவிட்டால், தொடக்கப்பள்ளி மாணவர்கூடச் சிரித்துவிடுவார். விதி என்று ஒன்று இருந்தால்தானே பிழை என்று ஒன்று இருக்கும்? சிங்கப்பூர் ஆங்கிலத்தை நெடுங்காலம் ஆராய்ந்த மொழியியலாளர் ஆந்தியா ஃபிரேசர் குப்தா, 1992ஆம் ஆண்டில் இவ்வொலிகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பேசுபவர் தாம் சொல்லும் செய்தியில் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதைக் கொண்டு அவர் அவற்றை வகைப்படுத்தினார். தெருவில் காற்றோடு போகும் ஒலிகள் என்று நாம் நினைத்தவற்றில் அப்படி ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பழைய சிங்கப்பூரின் சந்தைகளிலும் துறைமுகத்திலும் வெவ்வேறு இனத்தவர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளப் பெரிதும் உதவியது எளிய சந்தை மலாய். அம்மொழியின் ‘போலே’ என்னும் சொல், செய்யும் ஆற்றலையும் குறிக்கும், செய்ய இசைவு தருவதையும் குறிக்கும். “போலே?” என்று கேட்டால் “போலே” என்று பதில் சொல்லலாம். சீன மொழிகளிலும் வினைச்சொல்லைத் திருப்பிச் சொல்வதே பெரும்பாலும் விடையாகிறது. நாமும் அப்படித்தானே? “வருவாயா?” என்று கேட்டால் “வருவேன்” என்கிறோம். ஆம், இல்லை என்னும் சொற்களை எல்லா இடத்திலும் தேடிக்கொண்டிருப்பதில்லை. ஆகவே, பின்னாளில் ஆங்கிலம் பொதுமொழியாக வளர்ந்தபோது, ‘போலே’ அமர்ந்திருந்த இடத்தில் ‘கேன்’ வந்து அமர்ந்துகொண்டதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

பின்னால் ஒட்டும் ஒலிகளும் இப்படியே வந்து சேர்ந்தன. ‘லா’ என்னும் ஒலி மலாயிலும் உண்டு, ஹொக்கியனிலும் உண்டு. எதிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ‘மே’, ‘லோர்’ ஆகியவை கான்டனீஸ் மொழியோடு தொடர்புடையவை. ‘லியாவ்’ ஹொக்கியனிலிருந்து வந்தது. தமிழும் வெறுங்கையோடு நிற்கவில்லை. ‘மச்சா’, ‘டேய்’ ஆகிய அழைப்புச் சொற்களை இன்று எல்லா இன இளையரும் பயன்படுத்துகின்றனர். அறிவிலி என்னும் பொருளில் சிங்லிஷில் வழங்கும் ‘கூண்டு’ என்னும் சொல் நம்முடைய ‘குண்டு’ என்பதிலிருந்து பிறந்ததாகக் கருதப்படுகிறது. 1982இல் சில்வியா தோ பைக் சூ சிங்லிஷைப் பற்றி நகைச்சுவையாக எழுதிய நூலின் தலைப்பே ‘ஏ, கூண்டு!’ என்பதுதான். நாம் கொடுத்த சொற்களில் அதுவா அவ்வளவு புகழ்பெற வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சிங்லிஷ் வேண்டுமா, வேண்டாமா என்னும் விவாதம் நமக்குப் புதியதன்று. 1999ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங், புவா சூ காங் என்னும் தொலைக்காட்சி நகைச்சுவைப் பாத்திரத்தின் ஆங்கிலத்தைச் சுட்டிக்காட்டிப் பேசினார். மறு ஆண்டு ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கம் தொடங்கப்பட்டது. அதே 2000ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியின் இணையப் பதிப்பு ‘லா’ என்னும் சொல்லைச் சேர்த்துக்கொண்டது என்பது ஒரு சுவையான செய்தி. நல்ல ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வெளிநாட்டவர் ஒருவர் நடத்தும் நேர்முகத் தேர்வில் “கேன் லோர்” என்று பதில் சொன்னால், அவர் அதிலுள்ள சொல்லைப் புரிந்துகொள்வார். தோரணையைப் புரிந்துகொள்ள மாட்டார். இது மாணவர்களாகிய உங்களுக்கே தெரியும். ஆசிரியரிடம் பேசும்போது ஒரு விதமாகவும் நண்பரிடம் பேசும்போது வேறு விதமாகவும் உங்கள் ஆங்கிலம் தானாக மாறிக்கொள்கிறது. ஆகவே, அந்த விவாதத்தை இங்கே நீட்டப் போவதில்லை. என் கவலை ஆங்கிலத்தைப் பற்றியதன்று, தமிழைப் பற்றியது.

பாடநூல் தயாரிக்கும் பணியில் இருப்பதால், மாணவர்களின் எழுத்துகளைத் தொடர்ந்து படிக்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. “ஐயா, நான் கழிவறைக்குப் போக முடியுமா?” என்னும் வாக்கியத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அதில் எழுத்துப்பிழை இல்லை. ஆனால், கேட்பவர் தமது கால்களில் வலிமை இருக்கிறதா என்று ஆசிரியரிடம் வினவுகிறார்! அவருக்கு வேண்டியது இசைவு, ஆகவே ‘போகலாமா?’ என்று கேட்டிருக்க வேண்டும். அவர் மனத்தில் முதலில் தோன்றியது ‘கேன்’. அதைத் தமிழாக்கியபோது கைக்குக் கிடைத்தது ‘முடியும்’. தமிழ் இந்த இடத்தில் பல வழிகளை வைத்திருக்கிறது என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

அந்த வழிகள் எவை? இசைவு கேட்கவும் கொடுக்கவும் ‘-லாம்’ இருக்கிறது: உள்ளே வரலாமா? வரலாம். ஆற்றலைச் சொல்ல ‘முடியும்’, ‘இயலும்’ இருக்கின்றன: இந்தப் பெட்டியை என்னால் தூக்க முடியும். பயின்று பெற்ற திறனாக இருந்தால் தமிழ் ‘தெரியும்’ என்கிறது. “எனக்கு நீந்தத் தெரியும், ஆனால், கால் சுளுக்கிக்கொண்டதால் இன்று என்னால் நீந்த முடியாது” என்று சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ‘கேன்’ வந்துவிடும். தமிழில் கற்றது வேறு, இன்றைக்கு இயல்வது வேறு. நிகழ வாய்ப்பிருப்பதைச் சொல்ல ‘கூடும்’ வரும்: மாலையில் மழை பெய்யக்கூடும். ஒருவரிடம் உதவி கேட்கும்போதோ இவை எவையுமே தேவையில்லை. “சன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுகிறீர்களா?” என்றால் போதும். ஆங்கிலத்தில் ‘கேன் யூ’ சேர்க்கும் பணிவைத் தமிழில் ‘-ங்கள்’, ‘-ஈர்கள்’ ஆகிய விகுதிகளே கொண்டு வந்துவிடுகின்றன.

எதிர்மறைக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. சிங்லிஷில் “கேனாட் லா” என்பது உறுத்தாத மறுப்பு. எனக்கு வேறு வேலை இருக்கிறது, வருந்தாதே என்னும் குறிப்பு அதில் உண்டு. அதையே அப்படியே தமிழாக்கினால் என்ன ஆகிறது? “சனிக்கிழமை என்கூடக் கோயிலுக்கு வர்றியாப்பா?” என்று பாட்டி கேட்கிறார். “முடியாது பாட்டி” என்று பேரன் சொல்கிறான். அவன் மனத்தில் இருப்பது இணைப்பாட நடவடிக்கை. பாட்டியின் காதில் விழுவதோ, வரமாட்டேன் என்னும் பிடிவாதம். தமிழில் பெரியவர்களிடம் ‘முடியாது’ என்று மொட்டையாகச் சொல்வது, முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது போன்றது. “சனிக்கிழமை பள்ளியில பயிற்சி இருக்கு பாட்டி, ஞாயிற்றுக்கிழமை போகலாமா?” என்று சொன்னால் அதே மறுப்பு வேறு முகம் கொள்கிறது. அந்தப் பேரன் மரியாதை தெரியாதவன் அல்லன். ‘லா’ என்னும் ஒலி செய்துகொண்டிருந்த வேலையைத் தமிழில் எது செய்யும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

இது மனவருத்தத்தோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. பலதுறை மருந்தகங்களில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ துணையாகச் செல்லும் பிள்ளைகளைக் காணலாம். மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு, பதினான்கு பதினைந்து வயதில் அவர்கள் தலையில் வந்து விழுகிறது. இந்த மருந்தைச் சாப்பிட்ட பிறகு ‘கேனாட் டிரைவ்’ என்று மருத்துவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “தாத்தா, இதைச் சாப்பிட்டா நீங்க வண்டி ஓட்ட முடியாதாம்” என்று பேத்தி சொல்கிறாள். நெடுங்காலம் டாக்சி ஓட்டிய தாத்தாவுக்கு அது தம் திறமையைப் பற்றிய பேச்சாகப் படுகிறது. “ஏன் முடியாது? நாப்பது வருசமா ஓட்டுறேன். ஒரு மாத்திரை என்னை என்ன பண்ணிடும்?” என்கிறார். வீட்டுக்குப் போனதும் சாவியை எடுக்கிறார். ‘ஓட்டக்கூடாது’ என்று அவள் சொல்லியிருந்தால், அது மருத்துவரின் கட்டளை என்பது அவருக்குத் தெளிவாகியிருக்கும்.

இன்னோர் இடத்தையும் பாருங்கள். இந்த மாத்திரையை நிறுத்தலாமா என்று தாத்தா கேட்கிறார். ‘கேனாட்’ என்கிறார் மருத்துவர். “நிறுத்த முடியாதாம் தாத்தா.” இப்போது அவர் என்ன புரிந்துகொள்வார்? இனி எப்போதும் விட வழியில்லாத நோய் வந்துவிட்டது என்று எண்ணிக் கலங்கக்கூடும். மருத்துவர் சொன்னதோ, நீங்களாக நிறுத்தக்கூடாது என்பது மட்டும்தான். ‘முடியாது’, ‘கூடாது’ என்னும் இரு சொற்களுக்கு இடையே ஒரு முதியவரின் இரவுத் தூக்கம் இருக்கிறது.

“பழகிவிட்டது, பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நாங்கள் சொல்வது புரிகிறது. பிறகு என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பல வீடுகளில் புரிந்துகொள்ளத்தான் செய்கிறார்கள். பேரப்பிள்ளையின் தமிழைப் பேரப்பிள்ளையின் ஆங்கிலமாக மாற்றிப் புரிந்துகொள்ளும் திறமை நம் முதியவர்களுக்கு வியக்கத்தக்க அளவில் இருக்கிறது. மொழி மாறிக்கொண்டே இருக்கும் என்பதும் உண்மை. “கொஞ்சம் உதவ முடியுமா?” என்று கேட்பது இன்று தமிழகத்திலும் இயல்பான பணிவுச் சொல்லாகிவிட்டது, அதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். நம் ‘-லாம்’ மட்டும் என்ன, ஒரே பொருளிலா வருகிறது? ‘நீ போகலாம்’ என்பது இசைவு. ‘வா, போகலாம்’ என்பது அழைப்பு. ‘அவர் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கலாம்’ என்பது ஊகம். ‘கூட்டம் எத்தனை மணிக்கு முடியும்?’ என்று கேட்கும்போது ‘முடியும்’ வேறொரு சொல்லாகவே ஆகிவிடுகிறது. ஆனால், ஒரு மொழி தனக்குள்ளே பிரித்து வைத்திருக்கும் பொருள்களை இன்னொரு மொழியின் பழக்கத்தால் நாம் ஒன்றாகக் கொட்டிவிட்டால், இழப்பவர் பேசுபவர்தான். இசைவு கேட்கும் வாக்கியத்திற்கும் ஆற்றலைச் சொல்லும் வாக்கியத்திற்கும் வேறுபாடு தெரியாத ஒருவர், மருந்தகத்தில் மட்டும் திடீரென்று அதைக் கண்டுபிடித்துவிட மாட்டார்.

எனவே, மாணவர் எழுதிய ‘முடியுமா’ என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு ‘லாமா’ என்று மேலே எழுதித் தருவதால் பெரிய பயன் விளையும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தில் அவர் மனத்தில் இருந்த ‘கேன்’ எந்தக் ‘கேன்’ என்று முதலில் கேட்க வேண்டும். அதைச் சொல்ல அவருக்கு நன்றாகவே தெரியும். ஒரு நாளைக்கு நூறு முறை பயன்படுத்துகிறாரே! அவரிடம் இருக்கும் அந்த அறிவைத் தமிழின் பக்கம் திருப்பிவிடுவதுதான் வேலை.

அதற்கு வேண்டிய கருவிகள் தமிழில் ஏராளமாக இருக்கின்றன. ‘லா’, ‘லோர்’, ‘மே’ போன்று தனித்து நின்றால் பொருள் தராமல், வேறொரு சொல்லோடு சேர்ந்து அதன் பொருளைத் திருப்பிவிடும் சொற்களை நாம் இடைச்சொல் என்கிறோம். தொல்காப்பியம் அவற்றுக்கென்றே இடையியல் என ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறது. ஏகாரம் என்னும் ஒற்றை எழுத்துக்கு 5 பொருள்களையும் ஓகாரத்திற்கு 6 பொருள்களையும் அது வகுத்துக் காட்டுகிறது. ‘அவனே வந்தான்’, ‘அவனா வந்தான்?’, ‘அவனோ வரவில்லை’, ‘அவன்தான் வந்தான்’ என்னும் வாக்கியங்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உணவங்காடிக் கடைக்காரரின் ஒலிகளுக்கு இவை தூரத்து உறவாகத் தெரியவில்லையா?

இதை வகுப்பில் ஒரு விளையாட்டாகவே நடத்தலாம். ஒருவர் சிங்லிஷில் சொல்ல, மற்றவர் தமிழில் ஈடு தேட வேண்டும். “கேன் ஹோர்?” என்பதற்கு “போகலாம்தானே?” என்று எளிதாகச் சொல்லிவிடலாம். “கேன் லே” என்பதற்கு ஏகாரம் கைகொடுக்கும்: “முடியுமே!” “கேன் மே?” என்னும் ஐயத்திற்கு “முடியுமா என்ன?” என்பது பொருந்தும், பாட்டியிடம் கேட்டால் “முடியுமாக்கும்!” என்று இன்னும் சுவையாகச் சொல்வார். வேண்டா வெறுப்பாக ஒப்புக்கொள்ளும் “கேன் லோர்” என்பதற்கு “ஆகட்டும், என்ன செய்ய?” என்பது என் தெரிவு. “கேன் லியாவ்” என்பதற்கு வீட்டில் தினமும் கேட்கும் “ஆச்சு” இருக்கிறது. “கேன் லா” என்பதற்குத்தான் ஒன்று போதவில்லை. நண்பரிடம் சொன்னால் “அதெல்லாம் ஆகும்பா”, தங்கை கேட்டால் “எடுத்துக்கோ, இதுக்கெல்லாம் கேக்கணுமா?”, ஆசிரியரிடம் சொன்னால் “கண்டிப்பாகச் செய்துவிடுகிறேன் ஐயா” என்று கேட்பவருக்கு ஏற்ப அது மாறிக்கொண்டே போகிறது.